தோட்டா வேண்டாம், காற்றே போதும்!

யோங் பெங் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகும் ஊர். எங்களுக்கோ செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சொந்த ஊர். இங்கே நான்காம் படிவம் படிக்கும் என் அக்காள் மகனுக்குக் குறி பார்த்துச் சுடும் விளையாட்டின்மேல் ஆசை வந்துவிட்டது. "மாமா, தோட்டாதான் விலை அதிகம். வெளிநாட்டில் வீட்டிலேயே செய்துகொள்கிறார்களாம். நாமும் செய்யலாமா?" என்று கேட்டான். அக்காள் முகம் வெளுத்துவிட்டது.

அவன் சொன்னது பொய்யில்லை. தோட்டாவுக்கு நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, பொறி தரும் மூடி, வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகும் கூடு வீணாவதில்லை. அமெரிக்காவில் பலர் அதைச் சுத்தம் செய்து மறுபடி நிரப்பிக் காசை மிச்சப்படுத்துகிறார்கள். ஆனால் மருந்தின் அளவு தப்பினால் துப்பாக்கியே வெடிக்கலாம். கையோ கண்ணோ போகலாம். தவிர, 50 மீட்டர் போட்டிக்கான .22 தோட்டாவில் பொறிமருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அதை மறுபடி நிரப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது.

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். தயாரிப்பது அதைவிடப் பெரிய குற்றம். எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைக்கு ஒரு போலீஸ் வழக்கு என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியென்றால் ஆசையைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டுமா? வேண்டாம். ஒலிம்பிக்கிலேயே வெடிமருந்து இல்லாத போட்டி இருக்கிறது: 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, எடை ஏறக்குறைய அரை கிராம். ஒரு டப்பாவில் 500 இருக்கும். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். போட்டியில் 60 முறை சுட வேண்டும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இதில்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டதும் இதில்தான்.

ஒரு எச்சரிக்கை: நம் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று உரிமம் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள். அனுமதி பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநர் முன்னிலையில், அங்குள்ள துப்பாக்கியில் தொடங்குவதே செலவு குறைந்த வழி. எங்கே பழகலாம் என்று பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம் முதலில் விசாரியுங்கள். முதல் நாள் பெற்றோரும் உடன் போய்ப் பாருங்கள்.

இந்த விளையாட்டில் பாதிக்கு மேல் குண்டே செலவாகாத பயிற்சிதான். அசையாமல் நிற்பது, மூச்சை அடக்குவது, விரலை மட்டும் மெல்ல அசைப்பது. அதற்கு வீட்டில் துப்பாக்கியும் தேவையில்லை. மருமகன் இப்போது தினமும் பதினைந்து நிமிடம் சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்து ஆடாமல் நிற்கிறான். கைப்பேசி இல்லாமல் அவன் அவ்வளவு நேரம் இருப்பதே பெரிய சாதனை என்கிறாள் அக்காள்!