திக்கிப் பேசும் குழந்தைக்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி

மூன்று வயது வரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த குழந்தை ஒரு நாள் காலையில் "த-த-த-தண்ணி" என்று தடுமாற ஆரம்பித்தால், வீட்டில் முதலில் எழுகிற கேள்வி, "பிள்ளையை யார் பயமுறுத்தியது?" என்பதுதான். அடுத்தது, "வீட்டில் தமிழ், வெளியே இங்கிலீஷ் என்று இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டோமோ?" என்ற சந்தேகம். ஊரிலிருக்கும் பாட்டியின் காதுக்கு விஷயம் எட்டினால், வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்லிப் பதில் வரும்.

மூன்றுமே காரியத்துக்கு உதவாதவை. திக்குவாய் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள், சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசத் தொடங்கும் பருவத்தில் வருகிறது. சில சமயம் ஒரே நாளில்கூட வந்துவிடும். பயமோ வளர்ப்புக் குறையோ அதற்குக் காரணம் அல்ல. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருந்தால் வரும் வாய்ப்பு அதிகம். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமே அது நிலைத்துவிடுவதும் அதிகம். இரண்டு மொழி பேசுவதால் திக்குவாய் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆகவே தமிழை நிறுத்திவிடுவதால் ஆவது ஒன்றுமில்லை. வசம்பைப் பற்றி ஒரு வார்த்தை: பிள்ளை வளர்ப்பான் என்று பேர் பெற்ற சரக்குதான், ஆனால் அமெரிக்க அரசு 1968-ஆம் ஆண்டிலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டது. திக்குவாய்க்கு அது மருந்தும் அல்ல.

"கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானே சரியாகிவிடும்" என்று சொல்வோரும் உண்டு. இது பாதி உண்மை. திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே நின்றுவிடுகிறது. ஆனால் எந்தக் குழந்தைக்கு நிற்கும், எதற்கு நிற்காது என்பதை முன்கூட்டிச் சொல்ல வல்லவர் யாருமில்லை. கண்டுகொள்ளக் கூடாது என்ற யோசனைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த வெண்டல் ஜான்சன் என்ற அறிஞர், பெற்றோர் குழந்தையின் சாதாரணத் தடுமாற்றத்தைப் பெரிதுபடுத்துவதால்தான் திக்குவாய் உண்டாகிறது என்று எழுதினார். பின்வந்த ஆராய்ச்சிகள் அது சரியல்ல என்று காட்டிவிட்டன. ஆயினும் அந்தப் பழியைத் தாய்மார்கள் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

பெற்றோரைக் குற்றவாளியாகப் பார்ப்பதை விட்டு, அவர்களையே சிகிச்சை செய்பவர்களாக ஆக்கிய முறை ஒன்று 1980-களில் பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் உருவாயிற்று. சிட்னியின் லிட்கம் என்ற புறநகரின் பெயரால் அது லிட்கம் முறை என்று வழங்குகிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது. இதைச் சோதித்துப் பார்த்த முக்கியமான ஆய்வு நடந்தது இந்த நியூசிலாந்திலேதான். இரண்டு பொதுச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்த 54 குழந்தைகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாக்கி, 29 பேருக்கு இந்த முறையைத் தந்தார்கள். 25 பேருக்குத் தரவில்லை. முடிவு 2005-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. தொடக்கத்தில் நூறு அசைகளுக்கு ஆறு, ஏழு இடங்களில் திக்கிய பிள்ளைகள், ஒன்பது மாதம் கழித்து, பயிற்சி பெற்ற பிரிவில் சராசரி 1.5 ஆகவும், பெறாத பிரிவில் 3.9 ஆகவும் குறைந்திருந்தார்கள். பயிற்சி இல்லாமலும் ஓரளவு குறைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வித்தியாசம் கண்கூடு.

பயிற்சி நடக்கும் விதம் இதுதான். பெற்றோரில் ஒருவர் குழந்தையுடன் வாரம் ஒரு முறை பேச்சுச் சிகிச்சையாளரிடம் போகிறார். அங்கே சிகிச்சையாளர் முக்கியமாகக் கற்பிப்பது குழந்தைக்கு அல்ல, கூட வந்த தாய்க்கு அல்லது தகப்பனுக்கு. வீட்டில் தினமும் பத்து, பதினைந்து நிமிஷம் குழந்தையோடு தனியே உட்கார வேண்டும். தொலைக்காட்சி ஓடக் கூடாது. படப் புத்தகமாக இருக்கலாம்; பட்டாணி உரிப்பதாக இருக்கலாம்; நவராத்திரி சமயமானால் கொலுப் படியின் முன்னால் உட்கார்ந்து "இது யார்?" என்று கேட்கலாம். "முருகன்" என்று ஒரு சொல்லில் பதில் வரும். ஒரு சொல் திக்காமல் வருவது சுலபம். வந்தவுடன், "அழகாக வழுக்கிக்கொண்டு வந்ததே!" என்று பாராட்ட வேண்டும். ஒரு சொல் நன்றாக வந்தால் இரண்டு சொல், பிறகு சிறு வாக்கியம் என்று நீட்டிக்கொண்டு போகலாம். திக்கத் தொடங்கினால் கேள்வியைச் சுருக்கிவிட வேண்டும். இதுதான் அதில் உள்ள கெட்டிக்காரத்தனம். கைவர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

திக்கியதையும் எப்போதாவது சொல்லலாம்: "அது கொஞ்சம் தட்டிவிட்டது, இல்லையா?" என்று கோபமோ வருத்தமோ இல்லாத குரலில். அப்படி ஒரு தடவை சொன்னால், பாராட்டு அதைப்போல் பல மடங்கு இருக்க வேண்டும். விகிதம் தலைகீழானால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். சிகிச்சையாளரிடம் பழகாமல், இதைப் படித்தவுடன் தாமாகவே ஆரம்பிப்பது அதனால்தான் உசிதமல்ல. ஒவ்வொரு நாளும் அன்றைய பேச்சுக்கு ஒரு மதிப்பெண் போட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்: திக்கல் இல்லையென்றால் 0, மிகக் கடுமை என்றால் 9. இரவு வேலைக்குப் போகும் தகப்பன் ஒரு எண்ணும் தாய் வேறு எண்ணும் சொல்வது சகஜம். அதைப் பற்றிப் பேசிக்கொள்வதே பாதிப் பயிற்சி.

பாராட்டும் சொல் எந்த மொழியில் இருக்க வேண்டும்? தாய் எந்த மொழியில் குழந்தையைக் கொஞ்சுவாளோ அந்த மொழியில்தான். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பயிற்சி தமிழில் நடக்கலாம். திக்குவது எந்த மொழியிலும் காதில் விழும். தேவையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஒரு மொழியில் கிடைத்த பலன் இருமொழிக் குழந்தைகளிடம் மற்ற மொழிக்கும் பரவுவது பதிவாகியிருக்கிறது.

நம்மவர் வீடுகளில் பதினைந்து நிமிஷத்தைவிடக் கடினமானது மற்ற நேரம். "மெதுவாய்ச் சொல்லு", "மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்று அம்மம்மாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் அன்போடுதான் சொல்கிறார்கள். குழந்தைக்கோ அது ஒவ்வொன்றும் ஒரு குட்டு. சொல்லை முடிப்பதற்குள் பெரியவர்களே முடித்துக் கொடுப்பதும் அப்படித்தான். விருந்தினர் வந்தால் "ஒரு பாட்டுச் சொல்லு, கண்ணா" என்று கூடத்தின் நடுவே நிறுத்துவது வேறு. வேடிக்கை என்னவென்றால், பாட்டாகப் பாடும்போதும், கூட்டத்தோடு சேர்ந்து தேவாரம் ஓதும்போதும் பெரும்பாலும் திக்கல் தலைகாட்டாது. அதைக் கண்டு, "அங்கே மட்டும் வருகிறதே, வீட்டில் வேண்டுமென்று செய்கிறாயா?" என்று கேட்பது அநியாயம். திக்குவாயின் இயல்பே அது. அண்ணன்மார், ஒன்றுவிட்ட சகோதரர்கள் பழித்துக் காட்டினால் மட்டும் பெரியவர்கள் உடனே கண்டிக்க வேண்டும்.

கோயிலில் நேர்ந்துகொள்வதை யாரும் விட வேண்டியதில்லை. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரரைப் பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோன வரலாறு எல்லோரும் அறிந்ததே. நேர்த்தி ஒரு பக்கம் இருக்கட்டும். சிகிச்சையாளரிடமும் பெயரைப் பதிந்துவிட வேண்டும். இந்த நாட்டில் பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்தாவது பிறந்த நாளை ஒட்டிப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். வகுப்பில் பெயரைச் சொல்ல எழுந்து நிற்கும் நாளுக்கு முன்பே பயிற்சி தொடங்கினால் நல்லது. கல்வி அமைச்சின் பேச்சு-மொழிச் சிகிச்சையாளர்களுக்குக் கட்டணம் இல்லை. பாலர் பள்ளி ஆசிரியை, பிளங்கெட் தாதி, குடும்ப வைத்தியர் யார் மூலமாகவும் கேட்கலாம். ஆக்லாந்தில் திக்குவாய்க்கென்றே ஸ்டார்ட் என்ற அறக்கட்டளையும் இருக்கிறது. சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சிகிச்சையாளர் சொன்னால் பொறுக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர். குழந்தை முகத்தைச் சுளித்துத் திணறினாலோ, பேசுவதையே தவிர்த்தாலோ, குடும்பத்தில் வேறொருவர் திக்குபவராக இருந்தாலோ அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எல்லோருக்கும் அடியோடு போய்விடும் என்று வாக்குக் கொடுப்பதற்கில்லை. 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கிக்கொண்டேதான் மேடையில் பேசினார். ஜனங்கள் காத்திருந்து கேட்டார்கள். பள்ளி வயதைத் தாண்டியவர்களுக்கு வேறு முறைகள் உண்டு.

சிறு குழந்தைகளில், வாரக்கணக்காக மதிப்பெண் 0, 1 என்றே நின்றால், சிகிச்சையாளர் சந்திப்புகளைச் சிறிது சிறிதாக இடைவெளி விட்டுக் குறைப்பார். அப்போது வீட்டில் பாராட்டை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. அதையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஊர்ப் பயணம், புதுக் குழந்தை பிறப்பு, காய்ச்சல் போன்ற சமயங்களில் திக்கல் மறுபடி எட்டிப் பார்க்கலாம். குறிப்பேட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், அன்றிரவே அதில் மீண்டும் எண்ணைப் போடத் தொடங்கலாம்.