கால்வாய் நோயும் பசுவின் உட்காப்பும்

கால்வாய் நோய் மாடு, எருமை, ஆடு, பன்றி முதலிய இரட்டைக் குளம்புடைய பிராணிகளைத் தாக்கும் கொடிய தொற்று நோயாகும். இதனை உண்டாக்கும் கிருமி வடிகட்டியினூடும் செல்லவல்லது என்பதை 1897ஆம் ஆண்டில் இலெவ்லர், புரொசு என்னும் செர்மானிய அறிஞர் இருவர் கண்டறிந்தனர். விலங்குகளைத் தாக்கும் வைரசுகளுள் முதன்முதல் அறியப்பட்டது இதுவே.

காய்ச்சல், நூலாக வடியும் உமிழ்நீர், நாக்கிலும் முரசிலும் குளம்பிடையிலும் கொப்புளம் ஆகிய குறிகளைக் கால்நடை வளர்ப்போர் நன்கறிவர். உடலினுள் நிகழும் கேடோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

உள்ளே நிகழ்வது

வைரசு புகுந்ததும் வெண்குருதிக்கலங்கள் அதனை எதிர்க்கின்றன. அப்பொழுது அவை ஒட்சிசனிலிருந்து வீரியமிக்க சில பொருள்களை உண்டாக்குகின்றன. இவை அளவு மிஞ்சின், குப்பையை எரிக்க மூட்டிய தீ வேலியையும் பற்றுவதுபோல, பசுவின் சொந்தக் கலங்களையே சிதைக்கும்.

இத்தீங்கைத் தணிப்பவை எதிர் ஒட்சியேற்றிகள் எனப்படும். குளுத்தாதயோன், விற்றமின் ஈ என்பனவும், செலீனியம், செம்பு, நாகம் ஆகிய கனிப்பொருள்களின் துணையுடன் இயங்கும் நொதியங்களும் இவற்றுட் சிலவாம். நோயுற்ற மாடுகளின் குருதியில் இவை குன்றியும், கொழுப்புச் சிதைவால் உண்டாகும் கழிவுப் பொருள்கள் பெருகியும் இருத்தல் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது.

குறைவுக்குக் காரணம் இரண்டு. போராட்டத்தில் இவை செலவாகின்றன. வாய்ப்புண்ணால் தீன் தின்ன இயலாமையின் புதிதாக வந்து சேர்வதும் நின்றுவிடுகின்றது.

செய்யவேண்டியவை

விற்றமின் ஈ பசும்புல்லில் மிகுதி; வெயிலிற் காய்ந்த வைக்கோலில் மிகக் குறைவு. ஆகவே வைக்கோலை மாத்திரம் நம்பாது, நோயில்லாக் காலத்திலேயே பசும்புல், குழை, கனிப்பொருட் கலவை ஆகியவற்றை ஒழுங்காகக் கொடுத்தல் வேண்டும். நோய் கண்ட மாட்டுக்கு முரட்டுத் தீனை விலக்கி, பொடியாக நறுக்கிய இளம் புல்லும் கஞ்சியும் சுத்தமான நீரும் கொடுக்க வேண்டும்.

விற்றமின் ஊசி இந்நோய்க்கு மருந்தன்று, தடுப்பூசிக்கு ஈடுமன்று. செலீனியம் சிறிது மிஞ்சினும் நஞ்சாகும். எனவே மிருக வைத்திய அதிகாரியின் ஆலோசனையின்றி அதனைக் கொடுத்தலாகாது.

தடுப்பூசியின் பயன் சில மாதங்களே நிலைக்குமாதலால் உரிய தவணையில் மீண்டும் போடுவித்தல் அவசியம். நோய் தோன்றின் மாட்டை உடனே பிரித்துக் கட்டி, அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். நோயுற்ற மாட்டை விற்பதும் பொது மேய்ச்சலுக்கு விடுவதும் அயலவர் பட்டியையும் அழிக்கும் செயலாகும்.