தோளுக்கு ஏது வார விடுமுறை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏ ஷிப்ட் முடிந்ததும் எல்லாரும் நேராக வீட்டுக்குப் போய்விடுவதில்லை. ஜி.என்.டி. சாலையோரத்து மாடி ஜிம்களில் மாலை 5 மணிக்கே பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வரிசை நிற்கிறது. காலையில் ரோலிங் மில்லில் கம்பிக் கட்டு தூக்கிய கை, மாலையில் 20 கிலோ பாரில் தட்டு ஏற்றுகிறது. காக்களூரிலும் தேர்வாய்கண்டிகையிலும் இதே கதைதான். ஒருநாள் தோள் பிடித்துக்கொள்கிறது. "ஜிம்முக்குப் போய் தோளைக் கெடுத்துக்கிட்டான்" என்று வீட்டில் சொல்வார்கள். "ஃபார்ம் சரியில்ல தம்பி, ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு" என்பார் மாஸ்டர். எட்டு மணி நேரம் அந்தத் தோள் வேறென்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

தோள் ஒரு விசித்திரமான மூட்டு. இடுப்பில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் கிண்ணமே இல்லை, தட்டுதான். மேற்கை எலும்பின் தலையில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் எந்த நேரமும் அந்தத் தட்டைத் தொட்டிருக்கும். கை இத்தனை திசையில் சுழல்வதற்குக் கொடுத்த விலை இது. பந்து நழுவாமல் பிடித்து வைப்பது நான்கு சிறு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். பிசியோதெரபிஸ்ட் 'ரொட்டேட்டர் கஃப்' என்று சொல்வது இவற்றைத்தான். தேய்வதும் கிழிவதும் பெரும்பாலும் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸின் நாண்.

அதன் பாடு என்ன என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கை ஏறத்தாழ 3.5 கிலோ. பக்கவாட்டில் நேராக நீட்டினால் அந்த எடை தோளிலிருந்து சுமார் 30 செ.மீ. தூரத்தில் தொங்குகிறது. அதைத் தாங்கும் தசைகள் இழுப்பதோ மூட்டின் மையத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தூரத்தில். ஆகவே வெறுங்கையை நீட்டிப் பிடிக்கவே 35 கிலோவுக்கு நிகரான இழுவிசை வேண்டும். கையில் 5 கிலோ டம்பெல் இருந்தால் மொத்தம் 135 கிலோவைத் தொடுகிறது. முழங்கையை மடித்து டம்பெல்லை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். தோளுக்கு எடையைவிடத் தூரம்தான் பெரிய விஷயம். தலைக்கு மேலே கிரைண்டர் பிடித்து வெல்டிங் மூட்டைத் தேய்ப்பவரின் மெஷின் இரண்டு கிலோதான் என்று மேஸ்திரி சொல்லலாம். தோள் அந்த இரண்டு கிலோவை நம்பாது.

டென்மார்க்கில் மெக்கானிக்குகள், பெயின்டர்கள், இயந்திரத் தொழிலாளர்களின் தோள்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2004இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்கியபடி வேலை செய்த காலம் கூடக்கூட, சுப்ராஸ்பைனேட்டஸ் நாணில் சிதைவும் கூடியிருந்தது. நம் ஊரில் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு பளுவைத் தூக்க யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. நல்ல பிரிவுதான். ஆனால் அதன் கண் ஒரு தடவை தூக்கும் பளுவின் மேல் இருந்தது. எந்த உயரத்தில், எத்தனை ஆயிரம் தடவை என்பதில் அல்ல.

சரி, வலி வந்துவிட்டது. பளு தூக்குவதை விட்டுவிட வேண்டுமா? பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவின் 2020 இங்கே உதவும். ஸ்னாட்ச் தூக்கும்போதெல்லாம் தோளும் முதுகும் தொல்லை கொடுக்க, அந்த அக்டோபரில் அவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக்குப் பறந்தார். பிசியோதெரபிஸ்ட் ஆரன் ஹோர்ஷிக், தோள்களுக்கிடையே சமநிலை இல்லாததைக் கண்டு பயிற்சிகளை மாற்றினார். பாரைக் கீழே போடச் சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் ஸ்னாட்ச் இன்னும் தடுமாறியது, 86 கிலோவோடு நின்றது. அதே நாளில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ, வெள்ளி. ஒரு வகைத் தூக்கல் முரண்டு பிடித்தால் இன்னொன்றைக் கொண்டு முன்னேற முடிந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவருடைய தோள் ஒரு நாளில் தூக்கிய ஒவ்வொரு கிலோவும் பயிற்சியாளரின் நோட்டில் இருந்தது. மில் தொழிலாளியின் நோட்டில் ஜிம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் நோட்டு வைத்திருந்தால்.

     

முழு ஓய்வு ஏன் தீர்வாகாது? தசைநாண் இழுபட்டால்தான் உறுதியாகும் பொருள். எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டத்தான் வேண்டும். புத்தூர் கட்டுக்கு ஓடிப் பழகிய திருவள்ளூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நாண் வலிக்கும் அதே வைத்தியம் என்று தோளை வாரக்கணக்கில் கட்டி வைத்தால் மூட்டு இறுகிவிடும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு 'உறைந்த தோள்' வரும் வாய்ப்பே கூடுதல்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 2011இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 40 முதல் 70 வயது வரையிலான 51 ஆண்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். 96 சதவீதம் பேரின் தோளில் ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது! எலும்பு உரசுகிறது, செதுக்கிவிடலாம் என்று செய்யப்பட்டுவந்த அறுவை சிகிச்சையையும் பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். துளையிட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் விட்டவர்களுக்கும் செதுக்கப்பட்டவர்களுக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை என்று 2018இல் முடிவு வந்தது.

சம்பளம் பிடிக்கப்படாமல் பிசியோதெரபிக்கு நாலு தடவை போய்வர முடியாத காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு முக்கியமானது. ரொட்டேட்டர் கஃப் வலியுள்ள 708 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்டது. ஆறு தடவை வரை நேரில் வந்து படிப்படியாகப் பயிற்சி பெற்றவர்களுக்கும், ஒரே ஒரு தடவை தெளிவான விளக்கம் கேட்டுக்கொண்டு வீட்டில் செய்தவர்களுக்கும் ஓராண்டு முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. அந்த ஒரு தடவையை மட்டும் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஜிம்மில் என்ன மாற்றலாம்? கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ்ஸை விட்டுவிடலாம். அதை இழந்து யாரும் மெலிந்துவிடவில்லை. பார் பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பதில் தரையில் படுத்து டம்பெல் பிரஸ் செய்தால், முழங்கை தரையைத் தொட்டதும் நின்றுவிடும். தோள் அதற்கு மேல் பின்னால் போகாது. லேட்டரல் ரைஸில் கை நேர் பக்கவாட்டில் போகாமல் 30 டிகிரி முன்பக்கம் சாய்ந்து, கட்டைவிரல் மேலே பார்த்தபடி ஏறட்டும். பிரஸ் எத்தனை செட்டோ அத்தனை செட் ரோயிங்கும் இருக்கட்டும். வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை அளந்தால், மூன்று நான்கு வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் நேற்றைய எடை அதிகம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூக்கினால் இந்த அளவுகோலே பொய்யாகிவிடும். நல்ல தோளை நிறுத்தவே வேண்டாம். ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் மறுகைக்கும் கொஞ்சம் வலு ஏறுகிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சர் என்ற ஆய்வாளர் 1894லேயே காட்டிவிட்டார்.

கீழே விழுந்து கை தூக்கவே வரவில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன, காய்ச்சலோடு மூட்டு வீங்குகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். படியேறும்போது இடது தோளும் கையும் வலித்து வியர்த்துக் கொட்டினால் அது தோள் விவகாரமாகவே இல்லாமல் இருக்கலாம். இதயத்தைப் பார்க்க வேண்டும், உடனே.

மீண்டும் ஷிப்டுக்கு வருவோம். கனமாக இழுபட்ட தசைநாணில் என்ன நடக்கிறது என்பதை கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2010இல் தொகுத்து எழுதினார்கள். முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவது அதிகம். அதற்குப் பிறகுதான் கணக்கு வரவுக்குத் திரும்புகிறது. கையைத் தூக்கியே செய்யும் வேலையில் இருப்பவர், தினமும் மாலையில் தோளுக்கே பயிற்சி கொடுத்தால் நாண் செலவுப் பக்கத்திலேயே நிற்கிறது. கால், வயிறு, முதுகுக்கு வாரநாட்களைக் கொடுக்கலாம். வார விடுமுறை ஞாயிறு என்றால் தோளின் கனமான நாள் சனிக்கிழமை மாலை. ஆறு மணிக்குக் கடைசி செட் முடிந்தால், திங்கள் காலை ஆறு மணிக்கு ஏ ஷிப்ட் சங்கு ஊதும்போது சரியாக 36 மணி நேரம்.