வலை செப்பனிடும் கலை

திண்டிவனத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, பனைகளையும் ஏரிக்கரைகளையும் கடந்து, வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும் உப்பளங்களின் அருகே மரக்காணத்தை அடைகிறது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலிலிருந்து ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் காலத்தில் இக்கரையில் நெய்தல் நில மக்கள் வாழ்ந்தனர். இன்றும் மரக்காணத்திலிருந்து தெற்கே கோட்டக்குப்பம் வரையில் மீனவர் குப்பங்கள் கடலை ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன.

காலையில் படகுகள் கரை சேர்ந்து, மீன் விலைபோன பிறகு, குப்பத்தில் ஒருவகை அமைதி நிலவும். வந்தவர் எல்லாரும் உறங்கச் சென்றுவிடுவதில்லை. படகின் நிழலிலோ, கீற்றுப் பந்தலின் கீழோ சிலர் வலையை மடிமீது பரப்பிக்கொண்டு அமர்ந்திருப்பர். வலையின் ஒரு பகுதியைக் காலின் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பர். கையில் நூல் சுற்றிய ஊசி இருக்கும். பேச்சு ஒருபுறம் நடக்கும். ஊசியும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காண்போர்க்கு இது பொழுதுபோக்குப் போலத் தோன்றலாம். உண்மையில், மறுநாளைய உணவு அம்மடியில்தான் உருவாகிறது.

ஏனெனில் மீனவரின் உடைமைகளுள் படகுக்கும் பொறிக்கும் அடுத்தபடியாக மதிப்புடையது வலை. அவற்றினும் விரைவில் கெடுவதும் அதுவே. பாறையில் சிக்கினால் கிழியும். நண்டு தன் கொடுக்கால் நூலை அறுக்கும். சிக்கிய சிறு மீனைக் கவர வரும் பெருமீன் வலையையும் சேர்த்துக் கிழித்துச் செல்லும். கிழிசல் ஒன்று விழுந்த பிறகு அதன் வழியே மீன் தப்புவது மட்டும் இழப்பன்று. அறுந்த நூல் தாங்கிய சுமை முழுவதும் பக்கத்து நூல்களின்மேல் ஏறுகிறது, அவையும் அறுகின்றன. இன்று கையளவாக இருக்கும் கிழிசல் ஒரு வாரத்தில் ஆள் நுழையும் வாயிலாகிவிடும். ஆகவே, தன் வலையைத் தானே செப்பனிடத் தெரியாதவன் ஒவ்வொரு கிழிசலுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். கூலியும் கொடுக்க வேண்டும். அவர் ஓய்வு பெறும் வரையில் கடலுக்குச் செல்லாமல் காத்திருக்கவும் வேண்டும்.

கருவிகள் மிகச் சில. நூல் சுற்றும் ஊசி ஒன்று. முற்காலத்தில் மூங்கிலால் செய்தனர், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. கண்ணின் அளவு மாறாமலிருக்க ஒரு சிறு அளவுக்கட்டை. கூரிய கத்தி ஒன்று. கைப்பழக்கம் மிக்கவர் அளவுக்கட்டையையும் விட்டுவிட்டு விரல்களையே அளவாகக் கொள்வர்.

முடிச்சும் ஒன்றே. மேலே தொங்கும் கண்ணின் அடிவளைவில் ஊசியைக் கீழிருந்து நுழைத்து மேலே இழுக்க வேண்டும். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அவ்விடத்தை இறுகப் பற்றிக்கொண்டு, ஊசியை அக்கண்ணின் இரு நூல்களுக்கும் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, தன் நூலின் அடியிலேயே நுழைத்து இறுக்க வேண்டும். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அதை இணைக்க இடும் முடிச்சும் அமைப்பில் இதுவே. கடலோரத்தானும் தறிக்காரனும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே முடிச்சுக்கு வந்து சேர்ந்தனர் போலும்!

முடிச்சை ஒரு நாளில் கற்றுவிடலாம். கடினமானது அதுவன்று; கிழிசலை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதே கடினம். புதிதாகக் கற்கும் சிறுவன், ஓட்டையின் விளிம்புகளை இழுத்துச் சேர்த்து நூலால் கட்டிவிட நினைப்பான். சேலைக் கிழிசலுக்கு அது பொருந்தலாம், வலைக்குப் பொருந்தாது. விளிம்புகளை இழுத்துக் கட்டினால் அவ்விடம் சுருங்கும். சுருங்கிய இடத்தில் இழுவிசை மிகும். அதன் பக்கத்திலேயே மறுபடியும் கிழியும். தேர்ந்தவரோ கத்தியை எடுத்து, கிழிசலை முதலில் இன்னும் பெரிதாக்குவார். கற்கும் பையன் திகைப்பான். ஆனால் இக்கலையின் நுட்பமெல்லாம் அந்த வெட்டில்தான் இருக்கிறது. அதனை நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கெடாத வலையில் உள்ள ஒவ்வொரு முடிச்சையும் உற்று நோக்குங்கள். அதிலிருந்து மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு நூல்கள் பிரிந்து செல்லும். இவற்றைக் கால்கள் என்று கொள்வோம். கிழிந்த இடத்தின் ஓரத்தில் நிற்கும் முடிச்சுகளில் சிலவற்றுக்கு மூன்று கால்கள் எஞ்சியிருக்கும், சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு ஒன்றே. செப்பனிடுவோன் செய்ய வேண்டியது, எல்லா முடிச்சுகளுக்கும் மீண்டும் நான்கு கால்கள் இருக்குமாறு செய்வதாகும். அதையும் இடையில் அறுக்காத ஒரே நூலால் செய்ய வேண்டும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஓடும் நூல் ஒரு முடிச்சை அடைந்து, அங்கே கட்டப்பட்டு, அப்பால் செல்லும்போது அம்முடிச்சுக்கு இரண்டு கால்களைத் தருகிறது: வந்த கால் ஒன்று, சென்ற கால் ஒன்று. ஆதலால் இருகால் முடிச்சு ஒருமுறை நூல் கடந்தவுடன் நிறைவு பெறும். நடுவில் முற்றிலும் அழிந்துபோன முடிச்சின் இடத்தில் நூல் இருமுறை கடந்தால் நான்கு கால்களும் அமையும். முக்கால் முடிச்சு மட்டும் வேறு இயல்புடையது. அதற்கு வேண்டியது ஒரே கால். அங்கே நூல் தொடங்கலாம், அல்லது முடியலாம். கடந்து செல்ல முடியாது. கடந்தால் ஐந்து கால்கள் ஆகிவிடும்.

ஒரு நூலுக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. ஆகவே கிழிசலின் ஓரத்தில் முக்கால் முடிச்சுகள் இரண்டே இருக்க வேண்டும்: மேலே ஒன்று, கீழே ஒன்று. மிகுதியாக உள்ள முக்கால் முடிச்சுகளில் ஒரு காலை வெட்டி அவற்றை இருகால் முடிச்சுகளாக்க வேண்டும். ஒற்றைக்கால் முடிச்சுகளை முழுவதும் நீக்கிவிட வேண்டும். கத்தி செய்யும் வேலை இதுதான். அதன் பிறகு மேலேயுள்ள முக்கால் முடிச்சில் தொடங்கி, வரிசை வரிசையாக இடமும் வலமும் சென்று, பக்க விளிம்புகளில் உள்ள முடிச்சுகளையும் தவறாமல் கட்டிக்கொண்டு இறங்கினால், கடைசி முடிச்சில் நூல் தானே வந்து முடியும். ஒரே ஒரு நூல் மட்டும் அறுந்திருந்தால் வெட்டவே வேண்டுவதில்லை. அதன் இரு முனைகளிலும் முக்கால் முடிச்சுகள் இயல்பாகவே நிற்கின்றன அல்லவா?

இதே கணக்கு வேறொரு நாட்டில், வேறொரு வடிவில் எழுந்தது. கோனிக்ஸ்பெர்க் என்னும் நகரில் ஆற்றின் குறுக்கே ஏழு பாலங்கள் இருந்தன. எந்தப் பாலத்தையும் இருமுறை கடவாமல், ஏழு பாலங்களையும் ஒருமுறை கடந்து ஊரைச் சுற்றிவர இயலுமா என்பது அந்நகரத்தார் தமக்குள் கேட்டுக்கொண்ட வினா. கணிதப் பேரறிஞர் ஆய்லர் 1736ஆம் ஆண்டில் இயலாது என்று காட்டினார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாலங்களை உடைய நிலப்பகுதி, நடைக்குத் தொடக்கமாகவோ முடிவாகவோ மட்டுமே இருக்க முடியும். ஆகையால் அத்தகைய பகுதிகள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது. அந்நகரிலோ நான்கு பகுதிகளும் அத்தகையனவாகவே இருந்தன. பாலத்தைக் கால் என்றும், நிலப்பகுதியை முடிச்சு என்றும் மாற்றிப் படியுங்கள். மரக்காணத்து மீனவர் பையனுக்குச் சொல்லித் தரும் பாடம் கிடைத்துவிடும். அவர் ஆய்லரின் பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார். எனினும் வேண்டாத முக்கால் முடிச்சை வெட்டுவதில் அவர் கத்தி தவறுவதில்லை.

வலை முடிதல் மிகப் பழைய தொழில். பின்லாந்து நாட்டின் பகுதியாய் அன்று இருந்த அன்ட்ரியா என்னும் ஊரில், 1913ஆம் ஆண்டில் சேற்று நிலத்திலிருந்து ஒரு மீன்வலை எடுக்கப்பட்டது. அது மரப்பட்டை நாரால் முடியப்பட்டது. ஏறத்தாழ 10,000 ஆண்டு பழமையுடையது. பட்டையால் ஆன மிதவைகளும், கல்லால் ஆன எடைகளும் அதனுடன் கிடைத்தன. உழவுத் தொழில் அங்கே வேரூன்றுவதற்கு முன்பே வலை இருந்தது என்பது நாம் வியத்தற்குரியது.

நம் கரையில் முன்னோர் கையாண்டவை பருத்தி நூலும் சணல் நூலும். உப்புநீரில் நனைந்த பருத்தியை நுண்ணுயிர்கள் அரித்து இற்றுப்போகச் செய்யும். அதனால் வலையைப் புளியங்கொட்டையும் மரப்பட்டையும் காய்ச்சிய சாற்றில் தோய்த்துத் துவர்ப்பேற்றினர். கடலிலிருந்து வந்தவுடன் வெயிலில் நன்றாக உலர்த்தினர். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கரோதர்ஸ் என்னும் வேதியியலறிஞர் நைலானைக் கண்டுபிடித்தார். அந்நூல் நம் கடற்கரைக்கு வந்த பிறகு பழைய விதி தலைகீழாயிற்று. நைலான் நனைவதால் இற்றுப்போவதில்லை. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்களே அதனை நலியச் செய்கின்றன. ஆகவே பாட்டன் வெயிலில் விரித்த வலையைப் பேரன் நல்ல நீரில் அலசி, நிழலில் குவித்து மூடி வைக்கிறான். இருவர் செய்ததும் சரியே. நைலான் வழவழப்பாக இருப்பதால் அதில் ஒற்றைச் சுற்று முடிச்சு நழுவும்; ஊசியை மேலும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குகின்றனர்.

கண்ணின் அளவைக் காப்பதும் செப்பனிடுவோனின் கடமை. கடலில் சுவர் போல நிற்கும் வலையில் மீனின் தலை கண்ணுக்குள் புகும்; உடல் புகாது; பின்வாங்கினால் செவுள் மாட்டிக்கொள்ளும். கவலை மீனுக்குரிய கண் வேறு, வஞ்சிரத்துக்குரிய கண் வேறு. ஒட்டுப்போட்ட இடத்தில் கண் சிறுத்தால், பிழைத்து வளர வேண்டிய குஞ்சுகளும் சிக்கும். பெருத்தால் பிடிக்க வேண்டிய மீனும் போய்விடும்.

இக்காலத்தில் ஒற்றை இழையாலான மெல்லிய வலைகள் மிகுதியாகப் புழங்குகின்றன. நீரில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை; மீன் நிறையப் படும். ஆனால் அவை எளிதில் கிழியும், செப்பனிடுவதும் அரிது. ஆகவே பலர் சிறிது காலம் பயன்படுத்தியபின் எறிந்துவிடுகின்றனர். கடலில் விடப்பட்ட நைலான் வலை மடிவதில்லை. யாரும் இழுக்க வராத அவ்வலையில் மீன்களும், இக்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளும் சிக்கி மாளும். அதனால்தான் பெரியோர் சிலர், செப்பனிடும்போது வெட்டிய நூல் துண்டுகளையும் மணலில் விடாமல் ஒரு பையில் சேர்த்து வைக்கின்றனர்.

இதனைப் பயில விரும்புவோர்க்குக் கடல் வேண்டுவதில்லை. பலகணிக் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதில் பத்து வளையங்களைத் தொங்கவிட்டு, ஓர் அட்டைத் துண்டை அளவுக்கட்டையாகக் கொண்டு முடியத் தொடங்கலாம். முதல் வரிசையில் பாதி முடிச்சுகள் நழுவும். நழுவும் முடிச்சை அறிவது எளிது: இழுத்துப் பார்த்தால் அது மேல்வளைவை விட்டு ஒரு காலின் வழியே கீழே இறங்கும். அதனை அவிழ்த்துவிட்டு, விரல்களால் வளைவை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டு மறுபடியும் கட்ட வேண்டும். மூன்று விரல் அகலத்துக்கு வலை வளர்ந்ததும், நடுவில் நான்கு கண்களைக் கத்தரித்துவிட்டு, முக்கால் முடிச்சுகள் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள்.