சீலின் இரத்தத்தில் காய்ச்சலின் சுவடு

காய்ச்சல் வந்து போனால் நாம் மறந்துவிடுவோம். நம் இரத்தம் மறப்பதில்லை. இன்ஃபுளுவென்சா வைரஸ் நுழைந்ததும் அதை முடக்குவதற்காக உடல் எதிர்ப்பான்கள் எனும் புரதங்களை உருவாக்குகிறது. நோய் குணமான பிறகும் அவை நெடுங்காலம் இரத்தத்தில் தங்கியிருக்கும். அந்தச் சுவட்டைப் பார்த்தே, ஒருவரை அந்த வைரஸ் முன்பு தாக்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கடலில் வாழும் பாலூட்டிகளான சீல், கடற்சிங்கம், டால்பின் ஆகியவையும் நம்மைப் போல நுரையீரலால் சுவாசிப்பவைதான். அவற்றுக்கும் இன்ஃபுளுவென்சா வரும். 1979ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் 400க்கும் மேற்பட்ட சீல்கள் நிமோனியாவால் இறந்தன. காரணம், பறவை வைரஸை ஒத்த எச்7என்7 வகை. அந்தச் சீல்களைக் கையாண்ட சிலருக்கும் அதே வைரஸால் கண்ணழற்சி ஏற்பட்டது.

சாகாத விலங்குகளில் வைரஸ் வந்து போனதை எப்படி அறிவது? வைரஸின் மேல் முள் போன்ற புரதங்கள் உண்டு. அவை சிவப்பணுக்களில் ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று வலைபோல் பிணைத்துவிடும். ஆய்வகத்தில், சீலின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை முதலில் வைரஸுடன் கலக்கிறார்கள். பிறகு சிவப்பணுக்களைச் சேர்க்கிறார்கள். அந்த நீரில் எதிர்ப்பான் இருந்தால் அது முட்களை மூடிவிடும். சிவப்பணுக்கள் பிணைய முடியாமல், குழியின் அடியில் சிறு சிவப்புப் பொட்டாகப் படியும். பொட்டு தெரிந்தால், அந்தச் சீல் வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் எப்போது சந்தித்தது, யாரிடமிருந்து பெற்றது என்பதைப் பொட்டு சொல்லாது. அதற்கு வேறு சான்று வேண்டும்.

1999இல் நெதர்லாந்தில் ஒரு சீலிடம் இன்ஃபுளுவென்சா 'பி' கண்டறியப்பட்டது. அதுவரை மனிதர்களிடம் மட்டுமே பரவுவதாகக் கருதப்பட்ட வகை அது. அந்த வைரஸ், நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் மனிதர்களிடம் சுற்றிவந்த வைரஸை ஒத்திருந்தது. விஞ்ஞானிகள் சேமித்து வைத்திருந்த பழைய இரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். 1995க்கு முன் எடுத்தவற்றில் ஒன்றில்கூட எதிர்ப்பான் இல்லை. பின்னர் எடுத்தவற்றில் நூற்றுக்கு இரண்டில் இருந்தது. நம் காய்ச்சல்தான் சீல்களுக்குப் போயிருக்கிறது!

2010இல் கலிஃபோர்னியாவில், கடலில் பல வாரங்கள் இரை தேடித் திரும்பிய இரண்டு யானை சீல்களின் மூக்கில், அதற்கு முந்திய ஆண்டு உலகெங்கும் மனிதர்களிடம் பரவிய எச்1என்1 வைரஸ் இருந்தது. அவற்றிடம் நோயின் அறிகுறியே இல்லை.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? இன்ஃபுளுவென்சாவின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே உடலில் சந்தித்தால், துண்டுகள் இடம் மாறிப் புதிய வைரஸ் பிறக்கலாம். பறவை வைரஸ் பாலூட்டிகளுக்குள் பழகிக்கொள்ளவும் செய்யலாம். 2023இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் எச்5என்1 தாக்கி, 17,000க்கும் மேற்பட்ட யானை சீல் குட்டிகள் மடிந்தன. அந்த ஆண்டு அங்கே பிறந்த குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

பினாங்கில் சீல் இல்லையே என்கிறீர்களா? மாக் மண்டினுக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரையிலான சேற்றுக் கரைக்கு ஆண்டுதோறும் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வருகின்றன. பினாங்கைச் சுற்றியுள்ள கடலில் டால்பின்களும் வாழ்கின்றன. டால்பின்களையும் இந்த வைரஸ் விட்டுவைப்பதில்லை: 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இறந்த ஒரு டால்பினின் மூளையில் எச்5என்1 கண்டறியப்பட்டது.

ஆகவே, கரையில் இறந்த டால்பினையோ கூட்டமாக இறந்து கிடக்கும் பறவைகளையோ கண்டால் தொடாதீர்கள். நாயையும் நெருங்க விடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். டால்பின் என்றால் மீன்வளத் துறைக்கும், பறவைகள் என்றால் கால்நடைத் துறைக்கும் அவர்கள் தகவல் கொடுக்கட்டும். நெதர்லாந்தின் கேள்விக்கு விடை கிடைத்தது, யாரோ பல ஆண்டுகளுக்கு முன் இரத்த மாதிரிகளை எடுத்துப் பத்திரப்படுத்தியதால்தான். நீங்கள் நேரத்தோடு சொல்லும் ஒரு தகவலும் அப்படிப்பட்ட ஒரு மாதிரி கிடைக்க வழி செய்யலாம்.