நால்வருக்கு மேற்படாத சபை

எப்பிஸ்கோப்பல் என்னும் பெயர் கிரேக்க மொழியிலிருந்து பிறந்தது. மேலிருந்து பார்த்து வருபவன் என்பது அதன் மூலப்பொருள். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இச்சொல்லைக் 'கண்காணி' என்றே பெயர்த்தனர். நமது தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என வழங்குவதும் இதே சொல்தான். திருச்சபை வழக்கிலோ அத்தியட்சர் என்ற சொல் நிலைத்துவிட்டது. ஆகவே, அத்தியட்சர்களின் கண்காணிப்பில் இயங்கும் சபையே எப்பிஸ்கோப்பல் சபை எனப்படும். இங்கிலாந்தில் அரசரின் ஆதரவும் பேராலயங்களும் பெருஞ் சொத்தும் உடையதாய் இம்முறை விளங்கியது. அதற்கு அடுத்த நாடாகிய ஸ்கொத்லாந்தில், இதே முறையைக் கைக்கொண்டோர் நூறாண்டுக் காலம் பட்ட பாட்டைச் சிறிது எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

1688ஆம் ஆண்டிலே இரண்டாம் ஜேம்ஸ் அரசர் முடியை இழந்து ஓடினார். ஒல்லாந்திலிருந்து வந்த வில்லியம் அவருக்குப் பதிலாக அரியணை ஏறினார். ஸ்கொத்லாந்தின் அத்தியட்சர்களோ முந்திய அரசருக்குச் சத்தியஞ் செய்து கொடுத்தவர்கள். அவர் உயிரோடிருக்க வேறொருவருக்கு எப்படிச் சத்தியஞ் செய்வது? எடின்பரோவின் அத்தியட்சர் அலெக்சாண்டர் ரோஸ் புதிய அரசரைக் காணச் சென்றபோது, இங்கிலாந்தைப் பின்பற்றி நீங்களும் எனக்குத் துணை நிற்பீர்களா என்ற கருத்தில் வில்லியம் வினவினார். சட்டமும் அறிவும் மனச்சாட்சியும் இடங்கொடுக்கும் அளவுக்குச் சேவிப்பேன் என்று ரோஸ் விடை கூறினார். அவ்வளவோடு பேச்சு முடிந்தது. 1689இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் அத்தியட்சர் ஆட்சியை ஒழித்தது. அடுத்த ஆண்டில் மூப்பர்கள் கூடி ஆளும் பிரெஸ்பிட்டேரியன் முறை நாட்டின் சபையாயிற்று. பதினான்கு அத்தியட்சர்களும் ஒரே நாளில் பதவியும் வருவாயும் அற்றவராயினர். ரோஸ் தமது பேராலயத்தை விட்டுத் தம்மோடு வந்த மக்களுடன் ஒரு கம்பளிக் கிடங்கிற் புகுந்து ஆராதனை நடத்தினார்.

இவர்களைப் பழியற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதிகாரம் தங்கள் கையிலிருந்த காலத்தில், குறிப்பாக 1680க்குப் பிந்திய ஆண்டுகளில், வயல்வெளிகளிற் கூடி வணங்கிய பிரெஸ்பிட்டேரியன் மக்களை அரசாங்கப் படைகள் வேட்டையாடியபோது அவ்வாட்சியின் பக்கமே இவர்கள் நின்றார்கள். வயல்வெளியிற் கூடி வணங்கும் முறை பிறகு இவர்களுக்கே வந்து சேர்ந்தது. சரித்திரத்தில் இத்தகைய திருப்பங்கள் புதியனவல்ல.

ஜேம்சின் வழியினரான ஸ்துவார்ட் குடும்பத்தாரை மீண்டும் அரியணையில் ஏற்றுவதற்கு 1715இலும் 1745இலும் கலகங்கள் எழுந்தன. எப்பிஸ்கோப்பல் மக்களிற் பலர் அவற்றிற் சேர்ந்தனர். 1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதி, கலொடன் வெளியிலே இளவரசர் சார்ள்ஸின் படை முறியடிக்கப்பட்டது. வென்ற படையினர் போகும் வழியெல்லாம் இச்சபையாரின் சிற்றாலயங்களை எரித்தும் இடித்தும் சென்றனர். அதற்குப் பின்னர் வந்த சட்டமே இங்கு நமது கவனத்துக்குரியது. அரசருக்குச் சத்தியஞ் செய்யாத குருவானவர் ஒருவர், வீட்டாரைத் தவிர்த்து ஐந்து பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ ஆராதனை நடத்தினால், முதற் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. இரண்டாவது குற்றத்துக்கு ஆயுள் முழுவதும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நாடு கடத்தல். இத்தகைய கூட்டங்களுக்குப் போய் வந்தோர் அரசாங்கப் பதவி வகிக்கும் உரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1748இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. இங்கிலாந்து, அயர்லாந்து அத்தியட்சர்களிடம் குருப்பட்டம் பெற்றவரே குருவானவர். ஸ்கொத்லாந்து அத்தியட்சர்கள் அளித்த பட்டம் பட்டமேயன்று என்றது அது.

சட்டம் நால்வரை அனுமதித்தது. ஆகவே நால்வர் நால்வராகவே சபை கூடியது. குருவானவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதே ஆராதனையை மீண்டும் மீண்டும் நடத்தினார். சில இடங்களில் ஓர் அறையில் நால்வர் இருக்க, மற்றவர்கள் அடுத்த அறையிலும் மாடிப்படியிலும் நின்று குரலை மட்டும் கேட்டனர். அபடீன் மாகாணத்து லோங்சைட் என்னும் கிராமத்தில் ஜோன் ஸ்கின்னர் என்ற குருவானவரின் ஆலயம் 1746இல் எரிக்கப்பட்டது. அதன்பின் அவர் தமது சிறு குடிசையின் உள்ளே நின்று வாசிக்க, மக்கள் வெளியே மழையிலும் பனியிலும் நின்று ஜெபித்தனர். இவ்வளவு செய்தும் 1753இல் எண்ணிக்கை மிஞ்சிய குற்றத்துக்காக அவர் அபடீன் சிறையில் ஆறு மாதம் இருக்க நேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுவனாகிய அவருடைய மகனும் தந்தையோடு சிறையிலே தங்கியிருந்தான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னே, 1748ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஸ்டோன்ஹேவன் என்னும் கடற்கரை ஊரின் சிறையில் மூன்று குருமார் அடைக்கப்பட்டிருந்தனர். அப்பகுதியின் மீனவர்கள் அவர்களது மந்தையைச் சேர்ந்தவர்கள். குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம் கொடுக்க வேறு குருவானவர் இல்லை. பிரெஸ்பிட்டேரியன் போதகரிடம் சென்றிருக்கலாம், அவரும் கொடுத்திருப்பார். மீனவப் பெண்கள் அதற்கு உடன்படவில்லை. நம் பெண்கள் மீன் கடகத்தைத் தலையிற் சுமப்பதுபோல, அந்நாட்டுப் பெண்கள் மீன் கூடையை முதுகிற் கட்டிச் சுமப்பது வழக்கம். அக்கூடைக்குள்ளே பிள்ளையை மறைத்து வைத்து, கடற்கரையோரமாகப் பல மைல் நடந்து, குளிர்காலத்து ஆற்றுநீரிலே இறங்கிக் கடந்து, சிறையின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்கள். கம்பிகளுக்கிடையே கையை நீட்டிக் குருவானவர் குழந்தையின் தலையில் நீர் வார்த்தார். ஜோர்ஜ் வாஷிங்டன் பிரவுன்லோ என்னும் ஓவியர் 1865இல் இக்காட்சியைத் தீட்டியிருக்கின்றார்.

எனினும், எல்லாரும் இந்த உறுதியோடு இருந்தார்களென்று எண்ணுவது தவறாகும். நிலமும் பதவியும் உடையோர் பலர் மெல்ல விலகினர். அரசருக்குச் சத்தியஞ் செய்து, இங்கிலாந்தில் பட்டம் பெற்ற குருமாரை வைத்துக்கொண்டு, சட்டத்துக்கு உட்பட்ட தனிக் கோயில்களை வேறு சிலர் அமைத்துக் கொண்டனர். ஜெபப் புத்தகம் ஒன்றாயிருந்தும் ஒரே ஊரிலே இரு சபைகள். இத்தகைய சமரசக்காரரைக் கோழைகள் என்று இகழ்வது எளிது. ஆனால் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் குடும்பத்தின் காணியையும் எண்ணிப் பார்த்த ஒரு தகப்பனை நாம் அவ்வளவு இலகுவாகக் குற்றஞ்சாட்டிவிட முடியுமா? 1689இல் நாடெங்கும் பரந்திருந்த சபையில் நூறாண்டின் முடிவிலே எஞ்சியவர்கள் நான்கு அத்தியட்சர்களும் ஏறக்குறைய நாற்பது குருமாருமே.

இந்த மிச்சத்தை நாடித்தான் அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். குடியேற்றங்கள் விடுதலை பெற்றுவிட்டன. ஆனால் அங்குள்ள இச்சபையாருக்கு ஓர் அத்தியட்சரும் இல்லை. அத்தியட்சர் இன்றிப் புதுக் குருமாரை அபிஷேகஞ் செய்ய இயலாது. 1783இல் கனெக்டிகட்டின் குருமார் பத்துப் பேர் கூடிச் சாமுவேல் சீபரி என்பவரைத் தெரிந்து லண்டனுக்கு அனுப்பினர். அங்கே அபிஷேகம் பெறுகிறவர் இங்கிலாந்து அரசருக்குச் சத்தியஞ் செய்தாக வேண்டுமென்பது சட்டம். புதிய குடியரசின் பிரசை அதனை எவ்வாறு செய்வார்? யுத்தகாலத்தில் சீபரி அரசரின் பக்கமே நின்றவர் என்பது இதில் ஒரு வேடிக்கை. ஓராண்டுக்கு மேற் காத்திருந்து, அவர் வடக்கே புறப்பட்டார். 1784 நவம்பர் 14ஆந் திகதி, அபடீன் நகரில் ஒரு வீட்டின் மேல்மாடியறையிலே மூன்று அத்தியட்சர்கள் அவர் தலைமேற் கைவைத்து அபிஷேகஞ் செய்தனர். அரசர் அவர்களுக்கு எதையும் கொடுத்திருக்கவில்லை. ஆதலால் அரசரின் அனுமதியைக் கேட்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இருக்கவில்லை. அம்மூவருள் ஒருவரும், அவ்வீட்டுக்கு உரியவருமானவர், முன்னே தந்தையோடு சிறையிருந்த அந்தச் சிறுவன் ஜோன் ஸ்கின்னர்தான். மறுநாள் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, சீபரி ஸ்கொத்லாந்தின் திருவிருந்து முறையைத் தம் மக்களுக்கு எடுத்துரைத்தார். 1789இல் வெளிவந்த அமெரிக்க ஜெபப் புத்தகத்தின் திருவிருந்து ஜெபம் அம்முறையைத் தழுவியதே.

வெளியாரின் கொடுமையைத் தாங்கியவர்கள், தங்கள் பிடிப்பைத் தாங்களே விடவேண்டிய வேளையில்தான் பெரிதும் கலங்கினர். 1788 ஜனவரி 31ஆந் திகதி இளவரசர் சார்ள்ஸ் உரோமாபுரியிலே காலமானார். அவருக்கு அடுத்த உரிமையாளரான தம்பி ஹென்றியோ கத்தோலிக்க கார்டினல். அத்தியட்சர்கள் அபடீனிற் கூடி, இனி ஜோர்ஜ் அரசருக்காகவே ஜெபிப்பது என்று தீர்மானித்தனர். மே மாதம் 25ஆந் திகதி அப்பெயர் ஆலயங்களில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, மக்கள் இருமியும் மூக்கைச் சிந்தியும் பெருமூச்சுவிட்டும் அதனைக் கேளாதிருக்க முயன்றனராம். பாட்டனார் காலந் தொட்டு வீட்டிலே சொல்லக்கூடாத பெயராயிருந்த ஒன்றை ஜெபத்திலே சொல்லுவது எளிதாயிருக்குமா? சிலர் கடைசிவரை இணங்கவே இல்லை. ஆயினும் அத்தியட்சர்கள் செய்தது சரியென்றே எனக்குத் தோன்றுகின்றது. சத்தியஞ் செய்து கொடுத்தவர்களும் அதனைப் பெற்றவரும் மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. நாற்பது குருமாரையும் அவர்களின் மந்தையையும் அந்தப் பழைய வாக்குக்காக இன்னும் ஒரு தலைமுறைக்குச் சட்டத்தின் புறத்தே நிறுத்துவது எதற்காக?

1792இல் தண்டனைச் சட்டங்கள் நீக்கப்பட்டன. நால்வர் என்ற கணக்கும் அதனோடு ஒழிந்தது. மூத்த ஸ்கின்னர் இவை யாவற்றையும் கண்டார். 1742இல் லோங்சைட்டுக்குச் சென்ற அவர் ஏறக்குறைய அறுபத்தைந்து ஆண்டுகள் அதே மக்களிடையே ஊழியஞ் செய்தார். நாட்டுப் பாடல்கள் இயற்றுவதிலும் வல்லவர். கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸ் அவருடைய பாடல்களை மெச்சி அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1807இலே, அபடீனில் மகனுடைய வீட்டில் அவர் இறந்தார். அந்த மகன் அப்போது ஸ்கொத்லாந்து எப்பிஸ்கோப்பல் சபையின் தலைமை அத்தியட்சர்; அமெரிக்காவுக்கு முதல் அத்தியட்சரை அபிஷேகஞ் செய்து அனுப்பியவர். ஆனால் ஸ்கொத்லாந்தில் பட்டம் பெற்ற குருமார் இங்கிலாந்தின் ஆலயங்களில் ஊழியஞ் செய்யலாகாது என்ற தடையை 1792ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தே இருந்தது. 1840இல் அது சற்றே தளர்த்தப்பட்டது. முற்றாக நீக்கப்பட்டது 1864இல்.