இடிப்பதற்கு முன் ஒரு கேள்வி: எந்த அடுக்கு பழுது?

2003-ல் பிரான்ஸில் ஒரு சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க அவசர அவசரமாகக் கட்டிய அரசுக் குடியிருப்புகள் நாற்பது வருஷத்தில் களையிழந்து நின்றன. அவற்றில் சுமார் 2 லட்சம் வீடுகளை இடிப்பது, ஏறக்குறைய அதே அளவு புதிதாகக் கட்டுவது என்பது இலக்கு. கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். கான்கிரீட் பெட்டிகள், சின்னச் சின்ன ஜன்னல்கள், தாழ்வான கூரை, குளிர் தாங்காத சுவர்கள். இடிச்சா என்ன தப்பு?

தப்புதான் என்று மூன்று கட்டடக் கலைஞர்கள் சொன்னார்கள். ஆன் லாகதோன், ழான்-பிலிப் வசால், ஃப்ரெடெரிக் ட்ரூவோ. 2004-ல் மூவரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ளுஸ்', அதாவது 'கூடுதல்'. சாராம்சம் இதுதான்: எதையும் இடிக்காதே, கழிக்காதே, இருப்பதோடு சேர். ஒரு வீட்டை இடித்துக் கட்டும் பணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பழைய வீடுகளைப் பெரிதாக்கி, வெளிச்சமாக்கிக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

கட்டட மறுபயன்பாடு என்றதும் நமக்கு மனதில் வருவது பழைய மில்லில் காபி ஷாப், செங்கல் சுவரில் மஞ்சள் பல்பு. அழகுதான். ஆனால் இந்த விஷயத்தின் கனம் அங்கே இல்லை, உள்ளே குடியிருக்கும் ஆட்களிடம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கட்டடம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும்.

ஆறு அடுக்குகள்

ஸ்டுவர்ட் பிராண்ட் என்ற அமெரிக்கர் 1994-ல் 'ஹவ் பில்டிங்ஸ் லேர்ன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஃப்ராங்க் டஃபி என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞரின் யோசனையை எடுத்து விரித்து, கட்டடம் என்பது ஒரே பொருள் இல்லை, வெவ்வேறு வேகத்தில் பழசாகும் ஆறு அடுக்குகள் என்றார். மனை, சட்டகம் (அஸ்திவாரம், தூண், உத்திரம், தளம்), மேல்தோல் (வெளிச்சுவர், ஜன்னல்), குழாய்-கம்பி-லிஃப்ட் மாதிரியான வசதிகள், உள்ளறைப் பிரிவினை, கடைசியாக மேசை நாற்காலி முதலான சாமான்கள்.

மனை ஏறக்குறைய நிரந்தரம். சட்டகம் 30 முதல் 300 வருஷம் வரை நிற்கும். மேல்தோலுக்கு சுமார் 20 வருஷம். வசதிகளுக்கு 7 முதல் 15. சாமான்கள் தினமும் இடம் மாறும்.

இப்போ ஒரு 'பழைய' அடுக்குமாடியைப் பாருங்க. ஜன்னல் சரியில்லை, குழாய் துரு, லிஃப்ட் நிற்குது, அறைகள் குறுகல். இவை எல்லாமே வேகமாகப் பழசாகும் அடுக்குகள். தூணும் தளமும் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். ஆனால் இடிக்கும்போது நாம் எதை இடிக்கிறோம்? வேகமான அடுக்கு கெட்டதற்காக மெதுவான அடுக்கை. சட்டை கிழிஞ்சதுன்னு ஆளையே மாத்துற கதை.

மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பழக்கமான சபலம். பழைய நிரலைப் பார்த்ததும் "முழுசா திரும்ப எழுதிடலாம்" என்று கை பரபரக்கும். அந்தப் பழைய நிரலுக்குள் பதினைந்து வருஷப் பிரச்சினைகளுக்கான பதில்கள் ஒளிந்திருப்பது, அது போன பிறகுதான் தெரியும். கட்டடத்திலும் அப்படித்தான். எந்தத் திண்டில் யார் உட்காருவார்கள், எந்த வீட்டுப் பாட்டி எந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்பதெல்லாம் வரைபடத்தில் வராது. ஆனால் கட்டடத்தோடு சேர்ந்தே இடியும்.

ஆட்களை வெளியே அனுப்பாமல்

பாரிஸின் வடக்கு ஓரத்தில், சுற்றுச்சாலையை ஒட்டி, ப்வா-ல-ப்ரேத்ர் என்று ஒரு கோபுரக் குடியிருப்பு. ரேமோன் லோபே வடிவமைத்து 1960-களின் தொடக்கத்தில் கட்டியது. உயரம் சுமார் 50 மீட்டர், 96 வீடுகள். பிறகு நடந்த ஒரு சீரமைப்பில் வெளியே தகடுகளைப் போர்த்தி, ஜன்னல்களை இன்னும் சின்னதாக்கி வைத்திருந்தார்கள். இடிப்பதா வேண்டாமா என்ற பேச்சு வந்த கட்டடம். 2005-ல் நடந்த போட்டியில் அந்த மூன்று பேரும் வென்றார்கள்.

அவர்கள் செய்தது, சொல்லப்போனால், எளிமையான காரியம். பழைய வெளிச்சுவரைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே 2 மீட்டர் அகலத்தில் கண்ணாடி அடைத்த ஒரு தாழ்வாரம், அதையும் தாண்டி 1 மீட்டர் பால்கனி. இந்தப் புதுப் பகுதியைப் பழைய கட்டடத்தில் தொங்கவிடவில்லை. தொழிற்சாலையில் முன்கூட்டியே செய்த கூடுகளைக் கிரேனால் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அவை தங்கள் எடையைத் தாங்களே தாங்கும். பழைய சட்டகத்துக்குக் கூடுதல் சுமை இல்லை.

கண்ணாடித் தாழ்வாரம் வெறும் அலங்காரம் இல்லை. குளிர்காலத்தில் வெயில் பட்டு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள காற்று சூடாகும். வீட்டுக்கும் வெளிக்குளிருக்கும் நடுவே அது ஒரு கம்பளிப் போர்வை மாதிரி. கோடையில் வெளிக்கதவைத் திறந்துவிட்டால் திண்ணை. வெப்பமூட்டும் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது.

2011-ல் வேலை முடிந்தது. கட்டடத்தின் பரப்பு சுமார் 8,900 சதுர மீட்டரிலிருந்து 12,400-க்கும் மேலே போனது. செலவு சுமார் 1.1 கோடி யூரோ. இடித்துத் திரும்பக் கட்டினால் சுமார் 2 கோடி ஆகும் என்பது அப்போதைய மதிப்பீடு. எல்லாவற்றையும் விட முக்கியம், வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

அதே முறையைப் பெரிய அளவில் செய்தது போர்தோ நகரின் கிராந்த் பார்க் குடியிருப்பில். மூன்று பெரிய கட்டடங்கள், 530 வீடுகள். இங்கே கிறிஸ்தோஃப் யூதான் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்தார். வீட்டுக்கு வெளியே சேர்த்த தாழ்வாரமும் பால்கனியுமாக 3.8 மீட்டர் அகலம். நம்ம ஊர்க் கணக்கில் பன்னிரண்டு அடிக்கும் மேலே, ஒரு ஹால் அகலம். ஒவ்வொரு வீட்டுக்கும் வேலை நடந்தது 12 முதல் 16 நாள். தளம் வைக்க அரை நாள், பழைய முகப்பை மாற்ற ரெண்டு நாள், புது முகப்புக்கு ரெண்டு நாள், மீதி உள்வேலை. வாடகை உயரவில்லை. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ விருது இதற்குக் கிடைத்தது. 2021-ல் லாகதோனுக்கும் வசாலுக்கும் பிரிட்ஸ்கர் பரிசு.

வேலை மாறினாலும் சட்டகம் மாறாது

இங்கே கட்டடத்தின் வேலை மாறவில்லை, வீடு வீடாகவே இருந்தது. வேலையே மாறும்போது என்ன ஆகும்? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இருக்கும் செஸ்க் பொம்பேயா.

அது தகரப் பீப்பாய் செய்த பழைய தொழிற்சாலை. வணிகத் துறை ஊழியர்களின் நலனுக்கான செஸ்க் என்ற அமைப்பு அதை வாங்கியது. 1977-ல் வடிவமைப்புப் பொறுப்பு லினா போ பார்தியிடம் வந்தது. இத்தாலியில் பிறந்து 1946-ல் பிரேசிலுக்கு வந்தவர். முதலில் அவரைக் கவர்ந்தது கொட்டகைகளின் மெல்லிய கான்கிரீட் சட்டகம். இன்னொரு முறை வார இறுதியில் போனபோது பார்த்தது வேறு காட்சி: குழந்தைகள் ஓடுகிறார்கள், அம்மாக்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், பொம்மலாட்டம் நடக்கிறது. அக்கம்பக்கத்து ஜனங்கள் ஏற்கெனவே அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இந்தச் சந்தோஷம் அப்படியே தொடர வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை.

கொட்டகைகளை வைத்துக்கொண்டார். சுவர்ப் பூச்சை உரித்துச் செங்கல்லை வெளிக்காட்டினார். நூலகம், நாடக அரங்கம், கைத்தொழில் கூடம், சாப்பாட்டுக் கூடம். பெரிய கூடத்தின் தரையில் ஆறு மாதிரி வளைந்து ஓடும் ஒரு நீர்த்தடம், பக்கத்தில் நெருப்பு மூட்ட ஓர் அடுப்பு. அலுவலகத்தை எங்கோ வைக்காமல் அந்த வளாகத்திலேயே வைத்து, கட்டும் ஆட்களோடு பேசிப் பேசி முடிவெடுத்தார். 1982-ல் இந்தப் பகுதி திறந்தது.

விளையாட்டுக் கூடங்களுக்கு இடம் போதவில்லை. மீதி மனையின் நடுவே பூமிக்கடியில் ஓர் ஓடை. அதன் மேல் கட்டடம் கட்டக் கூடாது. அதனால் இருபுறமும் இரண்டு கான்கிரீட் கோபுரங்கள் எழுப்பி, ஓடைக்கு மேலே வானத்தில் பாலங்களால் இணைத்தார். கீழே காலியான அந்த நீளத்தில் மரப்பலகை விரித்தார். கடலில்லாத அந்த ஊரில் அதுதான் ஜனங்கள் வெயில் காயும் 'கடற்கரை' ஆனது. தடையை மறைக்காமல் அதையே வடிவமாக்கியது, என் கணக்கில், படைப்பாற்றல் என்ற சொல்லுக்கு நல்ல விளக்கம்.

சட்டகமே தடையானால்

அடுக்குக் கணக்கு எல்லா இடத்திலும் சுலபமாக ஒத்துவராது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்தில் 1924-ல் கட்டி முடித்த தானியக் குதிர் ஒன்று இருந்தது. 33 மீட்டர் உயரத்தில் 42 கான்கிரீட் குழல்கள், நெருக்கி அடுக்கியவை. தளமில்லை, ஜன்னலில்லை. தானியத்துக்கு அதுவே வசதி, மனிதருக்கு நிற்க இடமில்லை.

தாமஸ் ஹெதர்விக்கின் குழு அதை சமகால ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகமாக மாற்றியது. பெயர் சைட்ஸ் மோக்கா, திறந்தது 2017. ஒரு சோள மணியின் வடிவத்தைப் பல மடங்கு பெரிதாக்கி, அந்த வடிவத்தில் குழல்களின் நடுவே வெட்டி எடுத்து ஒரு பெரிய கூடம் ஆக்கினார்கள். பழைய சுவரின் தடிமன் சுமார் 17 சென்டிமீட்டர்தான். அப்படியே வெட்டினால் நிற்காது. அதனால் முதலில் உள்பக்கம் புதுக் கான்கிரீட் வார்த்து, பிறகு வெட்டினார்கள். அண்ணாந்து பார்த்தால் பலாப்பழத்தைப் பிளந்து சுளைக்குழிகளைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

பிரமாதமான வேலைதான். ஆனால் மேல் மாடிகளில் இருப்பது விலை உயர்ந்த ஹோட்டல். கட்டடம் பிழைத்தது என்பதும், ஊர் ஜனங்களுக்கு அது கிடைத்தது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். மறுபயன்பாடு என்ற பெயர் இருந்தாலே இரண்டுக்கும் பதில் 'ஆமாம்' என்று ஆகிவிடாது.

காற்றில் போகும் கணக்கு

இன்னொரு செலவு ஒப்பந்தப் புள்ளியில் வராது. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. இதில் எரிபொருளின் பங்கு பாதிக்கும் குறைவு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லிலிருந்தே அந்த வாயு பிரிகிறது. சூளையை சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. கட்டடத்தில் கான்கிரீட் அதிகம் இருப்பது தூண், உத்திரம், தளம், அஸ்திவாரத்தில், அதாவது சட்டக அடுக்கில். அதை வைத்துக்கொண்டால், ஏற்கெனவே காற்றில் விட்ட கார்பனுக்கு இன்னும் ஐம்பது வருஷ வேலை வாங்குகிறோம். இடித்தால் அது வீண், புதுசுக்கும் மறுபடி விடணும்.

அதுக்காக எதையுமே இடிக்கக் கூடாதா? கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர்ந்தால், அஸ்திவாரம் இறங்கினால், பழுது சட்டகத்திலேயே இருக்கிறது. அங்கே இடிப்பதும் நேர்மையான பதில். ஆனால் அதைப் பொறியாளர் சோதித்துச் சொல்லணும்; "பாக்கவே அசிங்கமா இருக்கு" என்பது சோதனை முடிவு இல்லை. அசிங்கம் மேல்தோல் சமாச்சாரம்.

எதிர் முனையில், எந்த அடுக்கும் கெடாத இடமும் உண்டு. 1996-ல் போர்தோ நகராட்சி லாகதோன்-வசாலிடம் லேயோன் ஓகோக் என்ற சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தச் சொன்னது. முக்கோண வடிவில் மர நிழல், பெஞ்சு, குண்டு விளையாடும் பெரியவர்கள். அங்கே போய் உட்கார்ந்து பார்த்தார்கள், குடியிருப்பவர்களோடு பேசினார்கள். பிறகு கொடுத்த திட்டம்: புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். சரளைக்கல்லை மாற்றுங்கள், மரங்களைப் பராமரியுங்கள், இன்னும் அடிக்கடி பெருக்குங்கள். அவ்வளவுதான். நகராட்சியும் ஏற்றுக்கொண்டது.

அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு கட்டடத்தை இடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டால், மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. எந்த அடுக்கு பழுது? அதைச் சோதித்தது யார்? வேலை முடிந்த பிறகு, இப்போ அங்கே இருக்கிறவங்க அங்கேயே இருப்பாங்களா? பாதி நேரம், முதல் கேள்வியையே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.